வாசலில் கட்டணம் வைத்தார்கள்

அருணை அடிவாரம் – 11

சென்ற வாரம் திருவண்ணாமலையின் பவழக்குன்றில் நிறுத்தியிருந்தோம். 1898 டிசம்பரில் ரமணரின் தாய் அழகம்மாள் மூத்த மகன் நாகசுவாமியோடு வந்து, வீட்டுக்கு அழைத்தும் அழுதும் பார்த்துவிட்டு, வந்த காரியம் கைகூடாமல் மானாமதுரைக்குத் திரும்பினார். அடுத்த வருடத் தொடக்கத்தில் மகன் மலையேறினார். மலையின் தென்கிழக்குச் சரிவில் இருக்கும் விருபாக்ஷ குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரமணருக்கு வயது 19. ரமணர் என்ற பெயர்கூட அப்போது இல்லை. ஊரார் பிராமண சாமி என்றார்கள். 1916 வரை, கோடைக்காலங்களில் மாமரத்துக் குகைக்கு இறங்கிப் போன நாட்கள் நீங்கலாக, பெரும்பாலும் இங்கேதான் இருந்தார்.

விருபாக்ஷ குகை கேட்பாரற்ற பாறைப் பொந்து அல்ல. உள்ளே விருபாக்ஷ தேவரின் சமாதி இருக்கிறது. அவர் பெயரில் ஊருக்குள் மடம் உண்டு, குகை அந்த மடத்துக்குச் சொந்தம். திருக்கார்த்திகைக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி குகைக்கும் ஏறும். அவர்களிடம் தலைக்குச் சிறு காசு வாங்குவது மடத்தின் பழைய வழக்கம். ரமணர் குகைக்குப் போன சமயத்தில் மடம் யாருக்கு என்று இரண்டு தரப்புக்கு இடையே வழக்கு நடந்துகொண்டிருந்ததால் வசூல் நின்று போயிருந்தது. வழக்கு தீர்ந்ததும் ஜெயித்தவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இதற்குள் நிலைமை மாறியிருந்தது. கார்த்திகைக்கு மட்டும் வந்த கூட்டம் வருடம் முழுக்க வர ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் சமாதியைப் பார்க்க வரவில்லை, பேசாமல் உட்கார்ந்திருக்கும் இளஞ்சாமியைப் பார்க்க வந்தார்கள். ஆக, மடத்தின் பெயரால் வாங்கிய காசு உண்மையில் அவரைப் பார்ப்பதற்கான கட்டணமாகிவிட்டது.

சாமி எழுந்து வெளியே வந்தார். குகைக்கு முன்னால் இருந்த சமதரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மரத்தடிக்கு வருபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. வசூலுக்கு நின்றவர் விடவில்லை. தன் இடத்தை இன்னும் வெளியே தள்ளிப் போட்டு, மரத்தடிக்கு வருபவர்களிடமும் வாங்கத் தொடங்கினார். சாமி மறுபடி எழுந்தார். கீழே இருந்த சற்குரு சுவாமி குகைக்கு இறங்கிப் போனார். கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வேறொரு குகைக்கு மாறினார். வருகிறவர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். விருபாக்ஷ குகைக்கு ஏற ஆள் இல்லை. தங்களுக்கும் வருமானம் இல்லை, சாமிக்கும் சிரமம் கொடுத்தோம் என்று மடத்தார் உணர்ந்து, அவர் இருக்கும் காலம் வரை காசு வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டு, திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்கள். வந்தார்.

ரமணரின் வரலாற்றில் இதைப் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். மதுரை வீட்டு மாடியில் 1896 ஜூலையில் நேர்ந்த மரண அனுபவத்துக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. அந்த அனுபவம் அவருக்குள் நடந்தது. அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது, அவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். காசு விவகாரம் ஊர் பார்க்க நடந்தது. ஒருவர் மெய்யான குருவா என்று நம்மைப் போன்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டென்றால், இப்படிப்பட்ட இடங்களில்தான் உண்டு.

அவருக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. காசு வாங்குவது நான் இல்லை, மடம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தவத்தில் இருப்பவருக்கு அது பொருந்தாத சாக்கும் அல்ல. அல்லது மடத்தாரைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும், பெயரும் கூடியிருக்கும். இரண்டையும் செய்யவில்லை. விற்கப்படுவது தானென்று தெரிந்ததும் தன்னை அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பணிவு என்ற சொல்லைக் குனிந்து நிற்பதற்கும் மெல்லப் பேசுவதற்கும் பயன்படுத்திப் பயன்படுத்திச் சாயம் போகச் செய்துவிட்டோம். தன்னை வைத்துப் பிறர் கட்டும் மேடையிலிருந்து ஓசையில்லாமல் இறங்கிவிடுவதற்கு வேறு எந்தச் சொல்லைச் சொல்வது?

அந்தக் குகைக் காலத்தில் மலையில் வேறு சாமியார்களும் இருந்தார்கள். இளைஞர் ஒருவரைத் தேடிக் கூட்டம் வருவது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் மேலேயிருந்து கல்லை உருட்டிவிட்டார். இன்னொருவர் வேறு வழி கண்டுபிடித்தார். வருகிறவர்களிடம், இந்தப் பிள்ளை என் சீடன் என்று சொல்லிக்கொண்டார். தின்பண்டம் கொடுக்கச் சொல்வார், ரமணரை இயற்பெயரால் வேங்கடராமா என்று உரிமையோடு கூப்பிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வார். ஆள் இல்லாத நேரத்தில் அவரிடமே, உன் குரு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறேன், உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மறுத்துப் பேசாதே என்றும் சொன்னார். ரமணர் பேசவில்லை.

இங்கே நல்ல வாசகருக்கு ஒரு கேள்வி எழும். மடத்தார் காசு வாங்கியபோது எழுந்து போனவர், இந்த ஆள் வாங்கியபோது ஏன் சும்மா இருந்தார்? நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். மடத்தின் காசு, வருகிறவரைத் தடுத்தது. காசு இல்லாத ஏழை வாசலோடு திரும்ப வேண்டியிருந்தது. சாமியாரின் பொய் ரமணரின் மரியாதையை மட்டும்தான் தொட்டது, இன்னொருவருக்குச் சீடன் என்ற இடத்தில் அவரை வைத்தது. அந்த இடத்தில் இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தனக்கு வரும் சிறுமையைப் பொறுத்துக்கொண்டார், தன்னால் பிறருக்கு வரும் தடையைப் பொறுக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அவருடைய அடுத்த ஐம்பது வருடமும் விளங்கும்.

பட்டம் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1907 நவம்பர் 18, கார்த்திகை சோமவாரம். நவத்வீபத்துப் பண்டிதர் சபையில் காவ்யகண்டர் என்று பட்டம் வாங்கிய கணபதி முனிவர், உச்சி வெயிலில் மலையேறி வந்து, இந்த 27 வயதுக்காரரின் காலைப் பிடித்துக்கொண்டார். படித்தது எல்லாம் படித்தேன், ஜபித்தது எல்லாம் ஜபித்தேன், தவம் என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று கேட்டார். பதில் கிடைத்தது. பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற பெயரைக் கொடுத்தது அவர்தான். பெயரை வாங்கிக்கொண்டவரோ, கணபதி முனிவரை அவருடைய சீடர்கள் கூப்பிட்டது போலவே நாயனா என்று கூப்பிட்டார். தெலுங்கில் அது தகப்பனைக் கூப்பிடும் பெயர். தன்னை குருவாக ஏற்றவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துக் கூப்பிட்ட குருவை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

எளிமை பற்றிப் பேசும்போது எல்லோரும் ரமணரின் கோவணத்தைக் காட்டுவார்கள். நான் அதைக் காட்டத் தயங்குகிறேன். கோவணத்தையும் வேஷமாகக் கட்டலாம். கட்டியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சிருங்கேரி மடத்தைச் சேர்ந்த ஒரு சாஸ்திரி குகைக்கு வந்து, முறையாகச் சன்னியாசம் வாங்கிக்கொள்ள வேண்டும், குறைந்தபட்சம் கோவணமாவது காவியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது உண்டு. இந்த மலையைச் சுற்றி மூன்று யோசனை தூரத்துக்குள் இருப்பவர்களுக்குத் தீட்சை தேவையில்லை என்ற அருணாசல மகாத்மியத்தின் சுலோகத்தைக் காட்டி அனுப்பிவிட்டார். காவியும் வேண்டாம், தண்டமும் வேண்டாம், பரம்பரைப் பெயரும் வேண்டாம். குரு என்பதற்கு வெளியே தெரிகிற எந்த அடையாளத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

கோவணத்தைவிட அவருடைய துண்டுதான் என் மனதில் நிற்கிறது. மலையில் இருந்த நாட்களில் அவரிடம் நைந்து ஓட்டை விழுந்த துண்டு ஒன்று இருந்தது. ஆட்டுக்காரப் பையன் ஒருவன் அதைப் பார்த்து, சாமி, இந்தத் துண்டு கவர்னருக்கு வேண்டுமாம் என்று கேலி செய்தான். தர முடியாது என்று கவர்னரிடம் சொல்லிவிடு என்றார் சாமி. கிழிசல் அடியார்கள் கண்ணில் படாதபடி அந்தத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார். யாரும் பார்க்காத இடத்தில் துவைத்து, மரப்பொந்தில் ஒளித்து வைத்தார். கோவணம் கிழிந்தால் முள்ளை ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூல் உருவித் தைத்துக்கொண்டார். தெரிந்தால் அடுத்த நாளே புதுத் துணிகள் குவியும் என்று அவருக்குத் தெரியும். வறுமையை விளம்பரமாக நிறுத்துகிறவர் கிழிசலை எல்லோரும் பார்க்கும்படி போட்டுக்கொள்வார். இவர் மறைத்தார். பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லிச் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பிற்காலத்தில் மகனோடு மலையிலேயே இருக்க வந்துவிட்ட தாய் 1922 மே 19 அன்று காலமானார். அந்த டிசம்பரில் ரமணர் மலையிலிருந்து இறங்கித் தாயின் சமாதி இருந்த இடத்துக்கு வந்தார். ஒரு கூரைக் கொட்டகையாகத் தொடங்கிய அந்த இடம்தான் ரமணாசிரமம். தம்பி சின்னசாமி, நிரஞ்சனானந்தர் என்ற சன்னியாசப் பெயரோடு, நிர்வாகத்தைப் பார்த்தார். நிர்வாகம் என்று ஒன்று வந்துவிட்டால் வரிசை வரும், நேரம் வரும், முதலில் யார் என்ற கேள்வி வரும். குகை வாசலில் மடத்தார் செய்ததை, இங்கே நல்லெண்ணத்தோடு, அன்பின் பெயரால், அவருடைய சொந்த ஆட்களே செய்யத் தொடங்கினார்கள்.

ஆசிரமத்துச் சமையலறையில் இருந்த சுப்புலட்சுமி அம்மாள் சொல்லிவைத்துப் போன ஒரு சம்பவம். சாப்பாட்டு நேரத்தில் கூடும் பரதேசிகளை, மற்றவர்கள் சாப்பிட்டு முடியும் வரை தள்ளி நிற்கச் சொல்லி விரட்டிவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. பகவானைக் காணோம். தேடிக்கொண்டு ஓடியவர்கள், ஆசிரமத்தை விட்டுத் தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டார்கள். பரதேசிகள் வரக்கூடாது என்கிறீர்கள், நானும் பரதேசிதானே, அதனால் வந்துவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு முதல் சாப்பாடு வாசலில் நிற்பவர்களுக்கு என்று ஆயிற்று.

இன்னொரு நாள், அவருக்கு வயதாகிவிட்டது, மதியம் ஓய்வு வேண்டும் என்று 12 மணியிலிருந்து 2 மணி வரை ஹாலுக்குள் யாரும் போகக்கூடாதென்று ஏற்பாடு செய்தார்கள். அந்த நேரம் வந்ததும் ரமணர் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரக்கூடாது என்றுதானே தடை, நான் வெளியே வரக்கூடாது என்று இல்லையே என்றார். ஓய்வு அவருக்குத் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. உடம்பு தளர்ந்துதான் இருந்தது. எங்கிருந்தோ ரயிலேறி வந்து, அடுத்த ரயிலுக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவதை அவரால் ஏற்க முடியவில்லை.

சமையலறையில் அவர் இருந்த விதம் தனியே எழுத வேண்டியது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், கொதிக்கிறதைக் கிளறுவார். சம்பூர்ணம்மாள் என்ற சமையல்கார அம்மாளிடம், ஒதுக்கிப் போட்ட கத்தரிக்காய்க் காம்புகளையும் வேகவைத்துக் கறியாக்கச் சொன்னார். சிந்திய ஒரு பருக்கை அரிசியைக் குனிந்து பொறுக்கியவர் அவர். எழுதாத பக்கமுள்ள தாள்களைச் சேர்த்துத் தைத்து நோட்டாக்கியவரும் அவரே. பந்தியில் தனக்கென்று எது தனியாக வந்தாலும் எல்லோருக்கும் வந்ததா என்று பார்ப்பார். மருந்தைக்கூடத் தனக்கு மட்டும் கொடுப்பதை விரும்பவில்லை.

அதே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தட்டி இருந்தது. ஆசாரம் பார்க்கும் பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ரமணர் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்படி, எந்தப் பக்கத்தையும் சேராமல் உட்கார்ந்தார். தனக்குச் சாதி ஆசாரம் எதுவும் கிடையாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. திருவண்ணாமலைக்கு வந்த முதல் நாளே பூணூலை அறுத்துப் போட்டவர் அவர். ஆனால் தட்டியை எடு என்று அவர் உத்தரவிடவில்லை. யாருக்கும் எதையும் கட்டளையாகச் சொல்லாத அதே குணம்தான் இதற்கும் காரணம் என்று அன்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் பரதேசிகளுக்காக எழுந்து போனவர் இந்தத் தட்டிக்காகவும் ஒரு நாள் எழுந்து போயிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஒருவரைக் குருவாக மதிப்பதால் இந்த ஆதங்கத்தை விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கற்பித்த விதத்திலும் இந்த எளிமைதான். 1902-இல் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, நான் யார் என்ற கேள்வியோடு குகைக்கு வந்தார். ரமணர் பேசாதிருந்த காலம். மணலிலும் சிலேட்டிலும் விரலாலும் பல்பத்தாலும் பதில் எழுதினார், அழித்தார், அடுத்ததை எழுதினார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்தார். அது ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சானது 1923-இல். இன்று பல மொழிகளில் படிக்கப்படும் ஒரு போதனை இருபது வருடம் ஒரு குமாஸ்தாவின் குறிப்புகளில் இருந்திருக்கிறது. எழுதியவருக்கு அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற அவசரமே இல்லை.

வேலூர் ஊரிஸ் கல்லூரியில் தெலுங்கு பண்டிதராக இருந்த ரங்காச்சாரி ஒரு நாள் நிஷ்காம கர்மம் என்றால் என்னவென்று கேட்டார். பதில் இல்லை. பிறகு எல்லோரும் மலையில் நடந்தபோது ரமணர் முள் மண்டிய ஒரு கிளையை ஒடித்தார். உட்கார்ந்து முள்ளைச் சீவினார், கணுவை இழைத்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான கைத்தடியாக்கினார். மணிக்கணக்கில் ஆயிற்று. அந்த வழியே வந்த ஆட்டுக்காரப் பையன் ஒருவன் தன் கோலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றான். புதுத் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று பண்டிதர் தாமாகவே புரிந்துகொண்டார்.

1930-களில் பால் பிரண்டன் எழுதிய புத்தகத்தால் உலகம் வரத் தொடங்கியது. 1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தார், அதே வருடம் ராஜேந்திர பிரசாத் வந்து தங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லி குருவின் பெருமையை நிறுவுவது இன்று வழக்கமாக இருக்கிறது. நான் எச்சம்மாளைச் சொல்வேன். மண்டகொளத்தூரிலிருந்து வந்தவர், கணவனையும் பிள்ளைகளையும் வாரிக் கொடுத்தவர். குகைக் காலத்திலிருந்து 1945-இல் கண் மூடும் வரை அவர் கை சோறு ரமணருக்குப் போனது. கீரை பறித்துக் கொண்டுவந்து சமைத்த கீரைப்பாட்டி, முதலியார் பாட்டி, லட்சுமி என்ற பசு, அணில்கள், குரங்குகள், சின்னக் கருப்பன் என்ற நாய். இவர்களுக்கு ஒரு நேரமும் மாமுக்கு ஒரு நேரமும் அங்கே இருந்ததில்லை.

1948 கடைசியில் இடது முழங்கையருகே சிறு கட்டி கிளம்பியது. புற்று. 1949-க்குள் நான்கு முறை அறுத்தார்கள். திரும்பத் திரும்ப வளர்ந்தது. தரிசனத்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர்களும் நிர்வாகமும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒப்பவில்லை. நடக்க முடியாமல் போனபின் சிறு அறையில் படுத்திருந்தபடியே, காலையும் மாலையும் வாசல் வழியே வரிசையாகக் கடந்து போகிறவர்களுக்கு முகம் காட்டினார். 1950 ஏப்ரல் 14 அன்று மாலையும் வரிசை நடந்தது. அன்று இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது.

ஆசிரமங்களுக்குப் போகும் வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிரசங்கம் கேட்பதற்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை வாசலில் நின்று பாருங்கள். யார் காத்திருக்கிறார்கள், யார் காத்திருக்காமல் உள்ளே போகிறார்கள், உள்ளே இருப்பவருக்கு அது தெரியுமா, தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிறகு உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

அடுத்த வாரம், 1916-இல் அழகம்மாள் மகனோடு நிரந்தரமாக இருக்க மலைக்கு வருகிறார்.

(தொடரும்)